முனை இல்லாத துணி

"உனக்குக் கணக்கு வரலையா, இல்ல இங்கிலீஷ் வரலையா?"

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவளைக் கேட்ட கேள்வி இது. அவர் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எதை மறுபடி சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல்தான் கேட்டார். ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய வருடம்வரை அவள் தமிழில் படித்தவள். கணக்கில் முதல் மூன்று பேரில் எப்போதும் ஒருத்தி. புதுப் பள்ளியின் கரும்பலகையில் எண்களெல்லாம் பழகிய முகங்களாக இருந்தன, அவற்றுக்கு நடுவே எழுத்துகள் யாரோ எவரோ போல நின்றன. இதையெல்லாம் அந்த நேரத்தில் எப்படி எடுத்துச் சொல்வது? உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வயிற்றுவலி என்றாள். அடுத்த வாரம் புத்தகப் பையைத் தூக்கிப் பரணில் போட்டாள். வீட்டில் இரண்டு நாள் சத்தம் போட்டார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள்.

இருபத்தொரு வருடம் போய்விட்டது. இப்போது அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறாள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் அவளுக்குப் பெயரே டேப்பு. சின்னவர்களுக்கு டேப்பக்கா. வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவாள். பஸ்ஸில் ஒருமுறை பக்கத்து சீட்டுக்காரி, "டாக்டரம்மா, இந்த இருமலுக்கு என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

வெட்டும் பிரிவு என்பது ஒரு நீளமான ஹால். நடுவில் இருபது அடி மேசை. ரோல் ரோலாக வரும் துணியை அதன்மேல் விரித்து, அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டவேண்டும். ரோல் மேசைக்கு வந்ததும் டேப்பு செய்கிற முதல் வேலை, முனையில் நான்கு விரலை வைத்து, அந்த அகலத்துக்குத் துணியை வெட்டி எறிவது. மில் முத்திரையும் பசையும் ஊசித் துளையும் அங்கேதான் இருக்கும். கடைசி முனையிலும் அப்படியே. யாரும் சொல்லவேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி கை தன்னால் செய்யும்.

அந்தப் பிரிவின் இன்சார்ஜ் இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறார். அவர் நாற்காலி யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, மேனேஜர் உட்பட.

"டேப்புக்குத்தான். ஆனா எட்டாவது கூட முடிக்கலையேம்மா நீ. கணக்குச் சான்றிதழ் ஒண்ணு வாங்கிக் குடுத்துடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

அந்தச் சான்றிதழுக்கான வகுப்புதான் பயிற்சி மையத்தின் பெயரில் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை ஐந்தரைக்கு நடந்தது. பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். சாம்பார் வாளியின் வட்டத் தழும்பு விழுந்த மேசைகளைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இங்கே ஆங்கிலம் மட்டும். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் என்பதால் பேச்சும் அப்படியே இருக்கவேண்டும் என்பது மையத்தின் விதி.

டீச்சர் சின்னப் பெண். இருபத்தைந்து இருக்கும். நன்றாகத் தமிழ் பேசத் தெரிந்தவள், விதிக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் கேள்வியை வாசிப்பாள். பதினான்கு பேரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி அசையாமல் பார்ப்பார்கள். "அண்டர்ஸ்டாண்ட்?" என்பாள். "எஸ் டீச்சர்" என்று கோரஸாக வரும். அந்த எஸ்ஸில் உயிரே இருக்காது.

கடைசி பெஞ்சில் இஸ்திரி மாமா உட்காருவார். முப்பது வருடமாக நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிற மனிதர். அவருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "டீச்சர் இங்கிலீஷ் மழை மாதிரி. சோன்னு பெய்யுது. நாமதான் குடை புடிச்சிட்டு உக்காந்திருக்கோம்" என்பார் மெதுவாக. டேப்பு சிரிப்பை முந்தானைக்குள் மறைப்பாள்.

அவருக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் புதுசு. எம்பிராய்டரி மெஷினில் வேலை செய்கிற பெண். வந்து இரண்டு வருடமாகிவிட்டது, ஆனாலும் பெயர் புதுசுதான். அவள் மொழி அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் தெரியாது. தமிழில் 'வா', 'போதும்', 'நூல்' தெரியும். ஆங்கிலத்தில் 'எஸ் டீச்சர்' தெரியும். அவ்வளவுதான். யாரோடும் ஒட்டாமல் தனி மேசையில் இருந்து எழுதுவாள்.

முதல் பரீட்சை வந்தது. பத்துக் கேள்வி. ஏழாவது கேள்விதான் வினையானது. பன்னிரண்டு மீட்டர் துணி ஒரு ரோலில் இருக்கிறது, ஒரு துண்டுக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர், எத்தனை துண்டு வரும்? அதில் ஆங்கிலம்கூட அதிகமில்லை. ரோல், மீட்டர், பீஸ் எல்லாம் நாள் முழுக்கக் காதில் விழுகிற சொற்கள், புதுசுவுக்குக்கூட. முதல்முறையாக ஒரு கேள்வி முழுசாகப் புரிந்த சந்தோஷத்தில் டேப்பு அதைத்தான் முதலில் போட்டாள்.

மறு வாரம் டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. சுவரில் இருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினாள்.

"ஏழாவது கேள்விக்கு விடை பதினாறு. நீங்க பதினாலு பேரும் பதினஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் விடாம! ஒருத்தர் பதினாறுன்னு எழுதி, அதை அடிச்சிட்டு பதினஞ்சு போட்டிருக்கீங்க. மையத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? காப்பின்னு சொல்றாங்க."

"காப்பியா? டீயே இன்னும் வரலையே டீச்சர்" என்றார் இஸ்திரி மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு அதிகாரி மேடம் வராங்க. வகுப்பை மூடறதுக்கு லெட்டர் ரெடி. அவங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." டீச்சர் விடைத்தாள் கட்டை மேசையில் வைத்தாள். "யாரைப் பாத்து யாரு எழுதினீங்கன்னு இப்பவே சொல்லிட்டா, மத்தவங்களையாவது காப்பாத்தலாம்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். டேப்பு மனசுக்குள் கணக்குப் போட்டாள். வகுப்பு மூடினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால், வெளியிலிருந்து எவனோ ஒருவன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தொடாமலே அவளுக்கு வேலை சொல்லுவான். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தான் பார்த்து எழுதினாள் என்று ஒரு பேச்சு வந்ததே, அதை எப்படி விழுங்குவது?

வீட்டுக்கு வந்தபோது புருஷன் சமையல் மேடையருகே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன். ஓட்டம் இல்லாத நாளில் சமையல் அவன் பொறுப்பு. மகள் எட்டாம் வகுப்பு. சாப்பாட்டு மேசையில் பாதியைப் புத்தகங்களால் பிடித்துவைத்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?" என்றான் அவன்.

அவள் மகளின் எதிரில் உட்கார்ந்து, கணக்கைச் சொன்னாள். மகள் பேனாவைக்கூட எடுக்கவில்லை. விரலால் மேசையில் இரண்டு கோடு போட்டாள்.

"பதினாறு."

"பதினஞ்சுதானே வரும்?"

"எப்படிம்மா? ஆயிரத்து இருநூறை எழுபத்தஞ்சால வகுத்தா மிச்சமே இல்லாம பதினாறு."

"அது எனக்கும் தெரியும். முனை?"

"எந்த முனை?"

"ரோலோட முனைடி. ரெண்டு பக்கமும் நாலு விரல் போயிடுமே. அது போச்சுன்னா பதினாறாவது துண்டு குறையுமே. அதை யாரு போட்டுக்கறது, நீயா?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா! கணக்குல வர்ற துணிக்கு முனையெல்லாம் கிடையாதும்மா!"

"முனை இல்லாம ஒரு துணியா?" என்றான் வெங்காயக் கண்ணீரோடு புருஷன். "அப்ப உங்க கணக்குல லாரி டீசல் குடிக்காதா?"

"குடிக்காதுப்பா. டயரும் தேயாது. வழியில நின்னு டீயும் குடிக்கக்கூடாது."

"நல்ல பொழப்புடா சாமி" என்றான் அவன்.

டேப்பு சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று நேராகிவிட்டது, நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் நான்கு விரலை அளந்தாள். ஏழு சென்டிமீட்டர். இரண்டு முனைக்கும் பதினான்கு. பதினான்கு எதற்கு, ஒரு நூல் குறைந்தாலே பதினாறு வராதே! சரியாகப் பதினாறு துண்டுக்குத்தான் துணி இருக்கிறது, எள் முனை போனாலும் பதினைந்துதான். அப்படியென்றால் இஸ்திரி மாமா ஏன் பதினைந்து போட்டார்? அவர் ரோலைக் கண்ணால் பார்க்கிறவர்கூட இல்லையே. புதுசு ஏன் போட்டாள்?

மறுநாள் வேலை நேரம் முழுக்க அதே யோசனை. டீ இடைவேளையில் இஸ்திரி மாமாவிடம் போய்க் கேட்டாள். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் அவளுக்குத் தைரியம் இரண்டு முழம் வளர்ந்தது. டீச்சர் வந்ததும் தனியாக அழைத்துச் சொல்லிவிடவேண்டும் என்று வைத்திருந்தாள். ஆனால் டீச்சருக்கு முன்பே அதிகாரி மேடம் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கனமான கைப்பை, மூக்கின் நுனியில் கண்ணாடி. மேசைமேல் அந்தக் கடிதம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. பதினான்கு விடைத்தாளையும் வரிசையாகப் பரப்பிவைத்திருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றாள், பரீட்சை எழுதப்போவது அவள்தான் என்பதுபோல.

மேடம் புதுசுவைத்தான் முதலில் எழுப்பினார். ஆங்கிலத்தில் கேட்டார், இந்தப் பதினைந்து எப்படி வந்தது என்று.

புதுசு எழுந்து நின்றாள். "எஸ் டீச்சர்" என்றாள்.

இன்னொரு முறை, மெதுவாக, சத்தமாகக் கேட்டார். சத்தமாகச் சொன்னால் மொழி புரிந்துவிடும் என்று உலகத்தில் எல்லோரும் ஏன் நம்புகிறார்களோ! மேடம் டீச்சர் பக்கம் திரும்பி, அலுப்போடு தமிழில் கேட்டார்.

"இவங்களுக்கெல்லாம் கணக்கு வரலையா, இல்ல இங்கிலீஷ் வரலையா?"

டேப்புவின் முதுகில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. புதுசுவின் கையைப் பார்த்தாள். அது மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அந்தப் பிடி டேப்புக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் போனால் அந்தக் கை பையை எடுக்கும், நாளைக்கு வயிற்றுவலி வரும்.

டேப்பு எழுந்தாள்.

"மேடம்..." என்றாள். மேற்கொண்டு வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. நின்றுவிட்டாள்.

டீச்சர் அதைக் கவனித்தாள். இரண்டே எட்டில் சுவரருகே போய், தாளைப் பிய்த்து எடுத்து, நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "தமிழ்லயே சொல்லுங்க அக்கா" என்றாள். மேடத்தின் புருவம் ஏறியது. டீச்சர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"ரெண்டும் வருது மேடம்" என்றாள் டேப்பு. ஆரம்பித்த பிறகு குரல் அவளுக்கே ஆச்சரியமாகத் தெளிந்தது. "இங்கிலீஷ் கொஞ்சமா வருது, கணக்கு நல்லாவே வருது. கேள்விதான் பாதி வந்துது. முனை போக எவ்வளவு, போகாம எவ்வளவுன்னு அதுல சொல்லவே இல்ல. நான் தினமும் துணி வெட்டறவ. ரெண்டு முனையிலும் நாலு விரல் விட்டுத்தான் போடுவேன். காப்பி அடிச்சோம்னு சந்தேகமா இருந்தா, ஒவ்வொருத்தரையா வெளியே கூப்பிட்டுக் கேளுங்க. பதினஞ்சு எப்படி வந்துதுன்னு கேளுங்க. விடைதான் ஒண்ணு. காரணம் ஒண்ணா இருக்காது."

மேடம் பேனாவை மூடினார். இஸ்திரி மாமாவை மட்டும் கதவுக்கு வெளியே அழைத்துப்போய்க் கேட்டார். ஆனால் மாமாவின் குரலுக்குக் கதவு ஒரு தடையா?

"நீராவி பட்டா துணி சுருங்கும் மேடம்! பன்னெண்டு மீட்டர்னு உள்ள வரும், பன்னெண்டாவா வெளிய போகும்? என் பெட்டிக்கு நாலு இன்ச்சாவது காணிக்கை வைக்கணும்! முனையா? அதெல்லாம் எனக்குத் தெரியாது, டேப்பு கிட்ட கேளுங்க!"

பதினாறை அடித்துவிட்டுப் பதினைந்து எழுதியவள் தையல் பிரிவுக்காரி. "முதல்ல மனசுல பள்ளிக்கூடம் வந்துது மேடம், அப்புறம்தான் தையல் ஞாபகம் வந்துது. ஓரம் மடிச்சுத் தைக்க விடலைன்னா சூப்பர்வைசர் என்னை மடிச்சிடுவாரே" என்றாள்.

கடைசியாகப் புதுசு. அவளிடம் கேள்வியே கேட்கவில்லை. டேப்பு தன் கழுத்து டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, விடைத்தாளில் பதினைந்தைத் தொட்டுக் காட்டினாள். புதுசு இரண்டு நொடி யோசித்தாள். பிறகு மேசை துடைக்கிற துணியை விரித்து, எம்பிராய்டரிச் சட்டம் துணியைக் கவ்வுகிற மாதிரி இரண்டு கையாலும் அதன் இரு ஓரத்தை அழுத்திப் பிடித்தாள். பிடித்த இடத்தை டேப்பால் அளந்து காட்டினாள். கட்டை விரலை அந்த இடத்தில் வைத்து, "போதும்" என்றாள். ஊசி அங்கே போகாது. அதுதான் அர்த்தம். பின்னாலிருந்து யாரோ, "அட!" என்றார்கள்.

மேடம் கரும்பலகைக்குப் போனார். கணக்கில் சளைத்தவர் இல்லைபோல. பத்து மீட்டர் எண்பது சென்டிமீட்டர், ஒரு துண்டு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு, பதினான்கு பேரையும் பதினான்கு மூலையைப் பார்க்க உட்காரவைத்தார். கூடத்துக்கு நான்கு மூலைதான். மிச்சப் பேர் சுவரைப் பார்த்தார்கள், ஒருவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

டேப்பு கை தூக்கினாள். "வேஸ்ட் உண்டா, இல்லையா மேடம்?"

மேடம் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இல்ல. ஒரு நூல்கூட வீணாகாது."

டீச்சர் உடனே கரும்பலகையில் ஒரு ரோலை வரைந்தாள். இரண்டு முனையும் பளிச்சென்று, ஒட்டு இல்லாமல், முழுசாக. அதைப் புதுசுவுக்குத் தட்டிக் காட்டினாள். புதுசு தலையாட்டினாள். எஸ் டீச்சர் என்று சொல்லவில்லை.

ஐந்து நிமிடத்தில் பதினான்கு தாளும் மேசைக்கு வந்தன. பதின்மூன்றில் இருபத்துநாலு. இஸ்திரி மாமாவின் தாளில், இருபத்துநாலு புள்ளி சைபர் என்று எழுதவந்து புள்ளி விட்டுப்போய், இருநூற்று நாற்பது.

"மாமா! புள்ளியையும் சேத்து இஸ்திரி போட்டுட்டீங்களா?" என்றாள் தையல்காரி.

கூடமே சிரித்தது. மாமா தாளை வாங்கி, தூரமாகவும் கிட்டவாகவும் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மறந்துட்டேன்மா. ஆனா ஒண்ணு பாத்துக்குங்க மேடம்" என்று நிமிர்ந்தார். "காப்பி அடிக்கிற வகுப்புல இந்த இருநூத்தி நாப்பது வருமா?"

மேடத்தின் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்பா, பல்வலியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதினான்கு பழைய தாளையும் அடுக்கினார். சிவப்புப் பேனாவால், ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தாளிலும் ஏதோ குறித்தார். டேப்புவின் தாள் மேலே கிடந்தது. தப்பென்று போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, சரி என்று போட்டிருந்தார்.

வகுப்பை மூடுகிற கடிதத்தை எடுத்தார். மேடம் அதை இரண்டாக மடித்து, கையெழுத்துப் போடாமலே கைப்பைக்குள் செருகினார். எழுந்தார். டீச்சர், "மேடம், அந்த விதித் தாள்..." என்று மடித்ததை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

கூடத்துக்கு வெளியே, நடை நெடுக, மறுநாள் வெட்டுவதற்கான ரோல்கள் சுவரோடு சாய்ந்து நின்றன. மேடம் முதல் ரோலைத் தாண்டிப் போனார், நின்றார், திரும்பி வந்தார். முனையைப் பிரித்துப் பார்த்தார். மில் முத்திரை நீலமாக இருந்தது. அதன்மேல் தன் நான்கு விரலை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, அகலம் பார்த்தார். கதவருகே வந்து நின்ற டேப்புவை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்.

பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.